கணக்குப் பதியும் சிடி: வாங்குவதும் பதிவதும் காப்பதும்



நம்மில் பலர் 2000-ஆம் ஆண்டை ஒட்டிக் கடைக்குக் கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டோம். நாள்வழியும் பேரேடும் இருந்த இடத்தில் டேலி போன்ற கணக்கு மென்பொருள்கள் வந்து உட்கார்ந்தன. மார்ச் 31 முடிந்ததும் அந்த ஆண்டுக் கணக்கை ஒரு சிடியில் பதிந்து, உறையில் ஆண்டை எழுதி, இரும்புப் பெட்டியில் வைப்பது வழக்கமாயிற்று. இன்று பென் டிரைவ், வெளி ஹார்ட் டிஸ்க், இணையச் சேமிப்பு என்று பல வசதிகள் வந்துவிட்டன. ஆனாலும் சிடியை விடாத கடைகள் நம் பகுதியில் இருக்கின்றன. அதற்கு நியாயமும் உண்டு. ஒருமுறை பதிந்த சிடியில் வைரஸ் புகுந்து கணக்கை மாற்ற முடியாது. கடைப் பையன் கை தவறி அழித்துவிடவும் முடியாது. தட்டின் விலையோ ஒரு கிலோ சீனி விலைக்குள் அடங்கிவிடும்.

ஆனால் சிடி பெட்டியில் இருப்பதை வைத்துக் கணக்கு பத்திரமாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. எந்தத் தட்டை வாங்கினோம், எந்த வேகத்தில் பதிந்தோம், பதிந்ததைப் படித்துப் பார்த்தோமா என்பதைப் பொறுத்தே அதற்குள் கணக்கு நிற்கும். இந்தப் பாடத்தில் அதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். நான் கம்ப்யூட்டர் படித்தவன் அல்லன். பள்ளிப் படிப்போடு மண்டிக்கு வந்தவன். ஆகவே நமக்குப் புரியும் முறையிலேயே சொல்கிறேன்.

சட்டம் கேட்பது என்ன?

ஜிஎஸ்டி 2017 ஜூலை 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 36-ஆவது பிரிவின்படி, ஓர் ஆண்டுக் கணக்கை அந்த ஆண்டுக்குரிய ஆண்டறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். உதாரணமாக 2023-24 ஆண்டுக்குக் கடைசித் தேதி 2024 டிசம்பர் 31. ஆகவே அந்தக் கணக்கு 2030 டிசம்பர் 31 வரை நம் கையில் இருக்க வேண்டும். மேல்முறையீடோ விசாரணையோ நடந்தால், அது முடிந்து ஓராண்டு வரையிலும், அல்லது மேலே சொன்ன 72 மாதம் வரையிலும், இரண்டில் எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும்.

ஜிஎஸ்டி விதிகளில் 57-ஆவது விதி கம்ப்யூட்டர் கணக்குக்கென்றே உள்ளது. விபத்தாலோ இயற்கைச் சீற்றத்தாலோ கணக்கு அழிந்தால், நியாயமான காலத்துக்குள் திரும்ப எடுக்கும்படி நகல் வைத்திருக்க வேண்டும் என்கிறது அந்த விதி. அதிகாரி கேட்டால் அச்சிட்டோ, கம்ப்யூட்டரில் படிக்கக்கூடிய வடிவிலோ கொடுக்க வேண்டும் என்றும் சொல்கிறது. "படிக்கக்கூடிய" என்ற சொல்லைக் கவனியுங்கள். படிக்க முடியாத சிடியை நீட்டினால் அது வெறும் பிளாஸ்டிக் தட்டுதான்.

இயற்கைச் சீற்றம் என்பது ஏட்டில் மட்டும் உள்ள சொல் அன்று. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நம் தென் மாவட்டங்களில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரு நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் எத்தனையோ கடைகளுக்குள் வெள்ளம் புகுந்தது. சரக்கு போனால் அடுத்த லோடு வாங்கலாம். வாடிக்கையாளர் பாக்கியும், கொள்முதல் வரி வரவும் உள்ள கணக்கு போனால் எந்தச் சந்தையிலும் அதை வாங்க முடியாது.

சிடியில் எழுத்து எப்படி விழுகிறது?

கடையில் வாங்கும் பாட்டு சிடி ஆலையில் அச்சு வைத்து வார்த்தது. காலண்டர் அச்சடிப்பது போல ஆயிரக்கணக்கில் ஒரே மாதிரி வரும். நாம் பதியும் வெற்று சிடி வேறு வகை. இதற்கு சிடி ஆர் என்று பெயர். ஜப்பானின் தையோ யூடன் நிறுவனம் 1988-இல் இதை உருவாக்கியது.

தட்டு 120 மில்லிமீட்டர் அகலமும் 1.2 மில்லிமீட்டர் கனமும் உள்ள பிளாஸ்டிக். அதன் மேற்புறம் மெல்லிய சாயப் படலம். சாயத்தின் மேல் வெள்ளி போன்ற உலோகப் படலம். அதற்கும் மேல் ஒரு பூச்சு. ரைட்டரில் உள்ள லேசர் ஒளி அடியிலிருந்து பாய்ந்து சாயத்தைச் சூடாக்குகிறது. சூடு பட்ட இடம் மாறிவிடுகிறது. படிக்கும்போது மங்கலான லேசர் ஒளி அதே பாதையில் போகிறது. சூடு படாத இடம் ஒளியை நன்றாகத் திருப்பி அனுப்பும். சூடு பட்ட இடம் குறைவாக அனுப்பும். இந்த மாறுபாட்டைத்தான் கம்ப்யூட்டர் கணக்காகப் படிக்கிறது.

பொரிகடலை வறுப்பவரைப் பாருங்கள். மணல் சூடு குறைந்தால் கடலை பொரியாது, கூடினால் கருகும். எவ்வளவு நேரம் சட்டியில் கிடக்கிறதோ அதற்கேற்பச் சூடு வேண்டும். சிடியும் அப்படித்தான். தட்டு வேகமாகச் சுற்றினால் ஒவ்வோர் இடத்திலும் லேசர் நிற்கும் நேரம் குறையும். அந்தக் குறைந்த நேரத்துக்குள் சாயம் மாற வேண்டுமானால் சூட்டைக் கூட்ட வேண்டும். இந்த அளவு சற்றுப் பிசகினாலும் எழுத்து மங்கிவிடும். பதிந்த அன்று தட்டுத் தடுமாறிப் படிக்கும். சாயம் கொஞ்சம் வெளுத்ததும் அடியோடு நின்றுவிடும்.

வேகக் கணக்கு

ரைட்டரின் முகப்பிலும் சிடி உறையிலும் 16 எக்ஸ், 52 எக்ஸ் என்று போட்டிருக்கும். இதன் பொருள் பலருக்குத் தெரிவதில்லை. சிடிக்கு 1 எக்ஸ் என்றால் ஒரு வினாடிக்கு 150 கேபி. 700 எம்பி கொள்ளும் முழுத் தட்டை 1 எக்ஸில் பதிய 80 நிமிடம் ஆகும். 8 எக்ஸில் 10 நிமிடம்; 16 எக்ஸில் 5 நிமிடம்.

இப்படியே வகுத்துப் பார்த்து 52 எக்ஸில் ஒன்றரை நிமிடத்தில் முடியும் என்று எண்ண வேண்டாம். அந்த வேகம் தட்டின் வெளி ஓரத்தை எட்டும்போதுதான் கிடைக்கும். பதிவு உட்புறத்திலிருந்து தொடங்குகிறது. அங்கே வேகம் ஏறக்குறையப் பாதிதான். தொடக்க வேலையும் முடிக்கும் வேலையும் சேர்ந்து மொத்தம் இரண்டரை, மூன்று நிமிடம் ஆகிவிடும். ஆக, 16 எக்ஸுக்குப் பதில் 52 எக்ஸ் வைப்பதால் நமக்கு மிச்சமாவது இரண்டு மூன்று நிமிடம். அந்த நேரத்துக்காகத் தட்டு நிமிடத்துக்குச் சுமார் 10,000 சுற்றுச் சுற்றுகிறது. தட்டு சற்று வளைந்திருந்தாலும், நடுவில் எடை சரியில்லாவிட்டாலும், ரைட்டர் பழையதாக இருந்தாலும் அதிர்வு கூடிப் பதிவு கெடும். ஆண்டுக்கு ஒருமுறை செய்யும் வேலையில் மூன்று நிமிட லாபம் பார்ப்பது வியாபாரம் ஆகாது.

அப்படியானால் மிகக் குறைந்த வேகமே நல்லதா என்று கேட்கலாம். அதுவும் சரியன்று. 52 எக்ஸுக்கென்று செய்த தட்டின் சாயம் வேகமான சூட்டுக்கு ஏற்பச் சேர்த்தது. அதை 1 எக்ஸ், 2 எக்ஸில் பதிந்தால் சூடு நெடுநேரம் நின்று எழுத்து விரிந்துவிடக் கூடும். பல புது ரைட்டர்கள் அத்தனை குறைந்த வேகத்தை ஏற்பதும் இல்லை. ஆகவே நடுத்தர வேகமே பாதுகாப்பு. 48 எக்ஸ், 52 எக்ஸ் என்று போட்ட சிடியை 16 எக்ஸிலோ 24 எக்ஸிலோ பதியுங்கள். 16 எக்ஸ் என்று போட்ட டிவிடியை 8 எக்ஸில் பதியுங்கள்.

டிவிடியின் 1 எக்ஸ் வேறு கணக்கு. அது வினாடிக்கு 1,385 கேபி. சிடியின் 1 எக்ஸைப் போல ஒன்பது மடங்கு. எனவே 16 எக்ஸ் டிவிடி ரைட்டரை 52 எக்ஸ் சிடி ரைட்டரைவிட மெதுவானது என்று எண்ணி ஏமாற வேண்டாம். நம் ஊரில் படியும் கிலோவும் வேறு வேறு அளவாக இருந்தது போலத்தான் இதுவும்.

எது எதற்குப் பொருந்தும்?

சிடி ஆர்: ஒருமுறை பதிவது. 650 எம்பி, 700 எம்பி என இரண்டு அளவு. ஒரு 700 எம்பி தட்டில் பழைய 1.44 எம்பி ஃபிளாப்பி 480-க்கு மேல் அடங்கும். நம் போன்ற கடைகளின் ஓராண்டுக் கணக்குக்கு இது பெரும்பாலும் போதும். சிடி படிக்கும் எல்லா டிரைவிலும் பெரும்பாலும் ஓடும். கணக்குக்கு ஏற்றது இதுவே.

சிடி ஆர்டபிள்யூ: அழித்து அழித்துப் பதிவது. இது ஒளியைத் திருப்பி அனுப்பும் அளவு மிகக் குறைவு. ஆகவே பழைய டிரைவுகள் பல இதைப் படிக்காது. இதில் வேக வகுப்பும் உண்டு. 1 முதல் 4 எக்ஸ் வரை ஒரு வகை, 4 முதல் 12 எக்ஸ் வரை ஒரு வகை, அதற்கு மேலும் உண்டு. அதிவேக வகைத் தட்டைப் பழைய ரைட்டரில் போட்டால் அது பதியவே மறுக்கும். மேலும், அழிக்கக்கூடிய தட்டில் ஆண்டுக் கணக்கை வைப்பது கரும்பலகையில் பற்று வரவு எழுதுவதற்குச் சமம். இதை வேண்டாம் என்றே சொல்வேன்.

டிவிடி மைனஸ் ஆர், டிவிடி பிளஸ் ஆர்: இரண்டும் ஒருமுறை பதிபவை. இரண்டும் 4.7 ஜிபி. கம்ப்யூட்டர் இதை 4.38 ஜிபி என்று காட்டும். கணக்கிடும் முறைதான் வேறு. எடைக் குறைவு இல்லை. மைனஸ் வகை 1997-இலும் பிளஸ் வகை 2002-இலும் வந்தன. இரு அணி நிறுவனங்கள் தனித்தனியாகக் கொண்டு வந்ததால் பழைய ரைட்டர்களில் சில ஒன்றை மட்டுமே ஏற்கும். பின்னால் வந்த ரைட்டர்கள் இரண்டையும் ஏற்கும். ரைட்டரின் முகப்பில் உள்ள அடையாளத்தைப் பார்த்துத் தட்டு வாங்குங்கள்.

இரட்டை அடுக்கு டிவிடி 8.5 ஜிபி கொள்ளும். இதற்கென்று வசதி உள்ள ரைட்டர் தேவை. கடைக் கணக்குக்கு இத்தனை பெரிய தட்டு அவசியமில்லை.

ஒரே ரைட்டர், ஒரு தட்டை ஏற்கிறது, இன்னொன்றை மறுக்கிறது. ஏன்?

ஒவ்வொரு வெற்றுத் தட்டிலும் அதை உண்மையில் செய்த ஆலையின் குறியீடும், தாங்கும் வேகமும் ஆலையிலேயே பதியப்பட்டிருக்கும். ரைட்டர் முதலில் அதைப் படிக்கிறது. தன்னிடம் உள்ள பட்டியலில் அந்தக் குறியீடு இருந்தால், அந்தச் சாயத்துக்கு எவ்வளவு சூடு என்பது அதற்குத் தெரியும். பட்டியலில் இல்லாவிட்டால் பொது அளவில் உத்தேசமாகப் பதியும். அல்லது வேகத்தைக் குறைத்துக் கொள்ளும். அல்லது தட்டையே வேண்டாம் என்று தள்ளும். 2004-இல் செய்த ரைட்டருக்கு 2010-இல் வந்த தட்டைத் தெரியாமல் இருப்பது இயல்பு. ரைட்டர் நிறுவனம் வெளியிடும் உள் மென்பொருளின் புதிய பதிப்பைப் போட்டால் பட்டியல் புதுப்பிக்கப்படும். பழைய ரைட்டர்களுக்கு இப்போது அது கிடைப்பது அரிது. தட்டின் பிராண்டை மாற்றிப் பார்ப்பதே எளிய வழி.

இங்கே நமக்குப் பழக்கமான ஒரு விஷயம் உண்டு. மூடையின் மேல் அச்சிட்ட பெயர் ஒன்று. உள்ளே இருக்கும் பருப்பை உடைத்த ஆலை வேறு. வெற்று சிடியிலும் அதே கதைதான். உலகப் பெயர் பெற்ற பல பிராண்டுகள் தைவான் ஆலைகளிடமும் நம் நாட்டு ஆலையிடமும் வாங்கித் தம் பெயர் போட்டு விற்றன. நம் நாட்டு ஆலை என்றால் மோசர் பேயர். 1983-இல் தில்லியில் தொடங்கி, ஃபிளாப்பி செய்து, பிறகு வெற்று சிடிக்கு வந்து, உலகின் மிகப் பெரிய தட்டு உற்பத்தியாளர்களில் ஒன்றாக வளர்ந்த நிறுவனம் அது. 2007-இல் தமிழ்ப் படங்களை 28 ரூபாய்க்கு விசிடியாகக் கொடுத்ததைப் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். பென் டிரைவும் இணையமும் வந்து சிடி வியாபாரம் சுருங்கியது; கடன் பெருகியது; 2018-இல் அந்த நிறுவனத்தைக் கலைக்கத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. சிடி ஆரை உருவாக்கிய தையோ யூடனும் 2015-இல் இந்தத் தொழிலை விட்டது. சோனி நிறுவனம் பதியும் புளூரே தட்டு உற்பத்தியை 2025 பிப்ரவரியில் நிறுத்தியது.

ஆகவே நேற்று வாங்கிய பெயரில் இன்று வாங்கும் தட்டு அதே ஆலையிலிருந்து வந்ததாகக் கொள்ள முடியாது. துவரம் பருப்பு வாங்கும்போது கையில் அள்ளிப் பார்க்கிறோம் அல்லவா? அதுபோல முதலில் பத்துத் தட்டு வாங்கி, இரண்டில் பதிந்து, வேறு கம்ப்யூட்டரில் படித்துப் பார்த்துவிட்டு மீதியை வாங்குங்கள்.

கோளாறும் காரணமும் பரிகாரமும்

1. வெற்றுத் தட்டைப் போட்டும் "தட்டைப் போடவும்" என்றே கேட்கிறது.
முதலில் தட்டைத் திருப்பிப் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து, உங்கள் டிரைவ் டிவிடியைப் படித்து சிடியை மட்டும் பதியும் காம்போ வகையா என்று பாருங்கள். அதில் வெற்று டிவிடி வேலை செய்யாது. பிறகு மைனஸ், பிளஸ் வகையைப் பாருங்கள். எல்லாம் சரியென்றால் வேறு பிராண்டு தட்டைப் போட்டுப் பாருங்கள். எந்தத் தட்டையும் ஏற்காவிட்டால் லென்ஸில் தூசி இருக்கலாம், அல்லது லேசர் தேய்ந்திருக்கலாம். வத்தல், மல்லி மூடைகளுக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் வைத்திருப்போர் இதைக் கவனிக்க வேண்டும். தேய்ந்த லேசரைச் சரிசெய்வதைவிட வேறு ரைட்டர் வாங்குவது மலிவு.

2. பாதியில் நின்றுவிடுகிறது.
பதிவு தொடங்கினால் கணக்கு இடைவிடாமல் வந்துகொண்டிருக்க வேண்டும். பழைய ரைட்டரில் வரத்து ஒரு கணம் நின்றாலும் தட்டு வீண். 2000-இல் சான்யோ நிறுவனம் இதற்கு ஒரு வழி கண்டது. வரத்து நின்றால் பதிவும் நின்று, விட்ட இடத்திலிருந்து தொடரும். அதற்குப் பின் வந்த ரைட்டர்களில் இத்தகைய வசதி இருக்கும். இருந்தாலும், பென் டிரைவிலிருந்தோ அடுத்த கம்ப்யூட்டரிலிருந்தோ நேரடியாகப் பதிய வேண்டாம். கணக்கை முதலில் அதே கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்கில் நகல் எடுத்துவிட்டு அங்கிருந்து பதியுங்கள். பில் போடும் மென்பொருளை மூடிவிடுங்கள். மின்சாரம் போனால் எந்த வசதியும் உதவாது, யுபிஎஸ் கட்டாயம். ஆடித் தபசு, தீபாவளி வியாபார நெருக்கடியில் இந்த வேலையை வைத்துக்கொள்ள வேண்டாம்.

3. வெளியில் செருகும் யுஎஸ்பி ரைட்டரில் மட்டும் பதிவு கெடுகிறது.
மின்சாரம் போதாமல் இருக்கலாம். படிப்பதைவிடப் பதியும்போது ரைட்டர் அதிக மின்சாரம் எடுக்கும். பழைய யுஎஸ்பி துளை 500 மில்லி ஆம்பியர் மட்டுமே தரும். கம்ப்யூட்டரின் முன்புறத் துளையை விட்டுப் பின்புறத் துளையில் செருகுங்கள். இரண்டு முனை உள்ள வயர் கொடுத்திருந்தால் இரண்டையும் செருகுங்கள். நடுவில் யுஎஸ்பி பெட்டி வைத்துப் பிரிக்க வேண்டாம்.

4. தட்டில் 52 எக்ஸ் என்று இருக்கிறது. கம்ப்யூட்டரோ 24 எக்ஸ் வரைதான் காட்டுகிறது.
ரைட்டரின் எல்லை, தட்டின் எல்லை, இரண்டில் எது குறைவோ அதுவே கிடைக்கும். தட்டின் குறியீடு தெரியாவிட்டாலும் ரைட்டர் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இது கோளாறு அன்று. நமக்கு வேண்டியதும் நடுத்தர வேகம்தானே!

5. "முடிந்தது" என்கிறது, ஆனால் வேறு கம்ப்யூட்டரில் படிக்கவில்லை.
இதுதான் அதிகம் வரும் தகராறு. நம் ஊர் மளிகைக் கடைக்காரர் ஒருவர் 2021-22 கணக்கைத் தேடி வந்தார். "அண்ணாச்சி, சிடி பளபளன்னு இருக்கு. மகனோட லேப்டாப்புல போட்டா வெறும் தட்டுங்குது. ஆடிட்டர் நாளைக்குக் கேட்கிறார்" என்றார். கடையின் பழைய கம்ப்யூட்டர் இருக்கிறதா என்று கேட்டேன். "மாடியில கிடக்கு" என்றார். அதை இறக்கி, அதே ரைட்டரில் போட்டதும் கணக்கு முழுவதும் வந்தது. தட்டைப் பதிந்தவர் கடைசியில் முடிவு கட்டாமல் விட்டிருந்தார். முடிவு கட்டாத தட்டைப் பதிந்த ரைட்டர் படிக்கக்கூடும்; மற்றவை படிக்காமல் போகும். பழைய கம்ப்யூட்டரைப் பழைய இரும்புக்குப் போட்டிருந்தால் அவர் பாடு திண்டாட்டம்தான்.

ஆகவே பதியும்போது "முடிவு கட்டு", "ஃபைனலைஸ்", "குளோஸ்" என்று எந்தப் பெயரில் கேட்டாலும் சம்மதம் கொடுங்கள். விண்டோஸ் 7 முதல் வந்த கம்ப்யூட்டர்கள், வெற்றுத் தட்டைப் போட்டதும் பென் டிரைவ் போலப் பயன்படுத்தவா, சிடி டிவிடி பிளேயருக்கா என்று கேட்கும். கணக்குக்கு எப்போதும் இரண்டாவதையே தேர்ந்தெடுங்கள். முதல் வகையில் பதிந்ததைச் சில கம்ப்யூட்டர்கள் படிக்காது.

6. சில ஃபைல்கள் வருகின்றன, சில வரவில்லை.
கீறல், விரல் ரேகை, எண்ணெய்க் கறை இருக்கலாம். மெல்லிய துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைக்க வேண்டாம். பற்பசை தேய்க்கும் வைத்தியம் எதுவும் வேண்டாம். தட்டின் வெளி ஓரத்தில் உள்ளவை மட்டும் வரவில்லை என்றால், வேகம் கூடிய இடத்தில் பதிவு மங்கியிருக்கிறது என்று பொருள் கொள்ளலாம். வேறு இரண்டு மூன்று டிரைவுகளில் போட்டுப் பாருங்கள். ஒன்று விட்டதை மற்றொன்று எடுப்பது உண்டு.

பதிந்தபின் எடை போட்டுப் பாருங்கள்

லோடு இறக்கியதும் எடை போடாமல் சிட்டையில் கையெழுத்துப் போடுவோமா? சிடிக்கும் அதே விதி. பதியும் மென்பொருளில் "சரிபார்" என்ற வசதி இருந்தால் அதை வையுங்கள். நேரம் இரட்டிப்பாகும், ஆகட்டும். பிறகு தட்டை வேறொரு கம்ப்யூட்டரில் போட்டு, கணக்கை வேறு பெயருள்ள புதிய ஃபோல்டரில் திரும்ப எடுங்கள். நடப்புக் கணக்கு இருக்கும் ஃபோல்டரில் ஒருபோதும் எடுக்க வேண்டாம். பழையது புதியதன் மேல் விழுந்துவிடும். எடுத்தபின் ரொக்க இருப்பு, கடைசி பில் எண், ஐந்தொகை மொத்தம் ஆகிய மூன்றையும் அச்சிட்ட தாளோடு ஒத்துப் பாருங்கள். மூன்றும் ஒத்தால்தான் அந்தத் தட்டு நகல்.

எந்த மென்பொருளின் எந்தப் பதிப்பு என்பதையும் எழுதி வையுங்கள். டேலியிலேயே 7.2, 9, இஆர்பி 9, 2020-இல் வந்த பிரைம் என்று பல பதிப்புகள் வந்துவிட்டன. பழைய பதிப்பின் கணக்கைப் புதியதில் திறக்க மாற்றம் செய்ய வேண்டியிருக்கும். முடிந்தால் பேரேடு, ஐந்தொகை, வரி அறிக்கைகளைப் பிடிஎஃப் வடிவிலும் அதே தட்டில் சேருங்கள். மென்பொருள் மாறினாலும் அதைப் படிக்கலாம்.

வைக்கும் முறை

சிடியின் அடிப்புறத்தை மட்டும் பத்திரமாகப் பார்த்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் சாயமும் உலோகமும் இருப்பது மேற்புறப் பூச்சுக்குச் சற்றுக் கீழே. அடியில் விழும் கீறலைவிட மேலே விழும் கீறல் ஆபத்து. ஆகவே மேலே பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுத வேண்டாம். சிடி மார்க்கர் பேனாவால் எழுதுங்கள். ஸ்டிக்கர் ஒட்ட வேண்டாம். ஒருபக்கம் எடை கூடிச் சுற்றும்போது ஆடும். உரிக்கும்போது உலோகப் படலமும் சேர்ந்து வரும்.

வெயிலும் வெப்பமும் ஈரமும் சாயத்துக்குப் பகை. சங்கரன்கோவில் சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கடியில் வைத்த தட்டு நெடுநாள் தாங்காது. கெட்டியான பெட்டியில் நிமிர்த்தி, இருட்டான, உலர்ந்த இடத்தில் வையுங்கள். ரப்பர் பேண்டு போட்டுக் கட்ட வேண்டாம். இரண்டு வெவ்வேறு பிராண்டில் இரண்டு நகல் எடுங்கள். ஒன்று கடையில், மற்றது வீட்டில். ஒரே இரும்புப் பெட்டியில் இரண்டையும் வைத்தால் வெள்ளத்துக்கும் தீக்கும் அது ஒரு நகல்தான்.

பழைய தட்டுகள் வைத்திருப்போர் உடனே செய்ய வேண்டியது

இப்போது வரும் லேப்டாப்புகளில் பெரும்பாலானவற்றில் சிடி டிரைவ் இல்லை. ரைட்டர் விற்கும் கடைகளும் குறைந்து வருகின்றன. ஆகவே வரும் ஞாயிற்றுக்கிழமை ஒரு நாளை இதற்கென்று ஒதுக்குங்கள். இருக்கும் சிடிகளை ஆண்டு வாரியாக அடுக்குங்கள். வைத்திருக்க வேண்டிய காலம் முடியாத ஆண்டுகளை முதலில் எடுங்கள். வழக்கு, மேல்முறையீடு, சொத்து, பாகப்பிரிவினை சம்பந்தப்பட்ட ஆண்டுகள் எத்தனை பழையதானாலும் இவற்றோடு சேரும். ஒவ்வொரு தட்டையும் முழுமையாக ஹார்ட் டிஸ்கில் நகல் எடுங்கள். பெயர் தெரிகிறது என்பதோடு நிறுத்த வேண்டாம்; பெயர் தெரிந்தும் உள்ளே வராத தட்டுகள் உண்டு. படிக்காத தட்டைத் தூக்கி எறியாமல், அதைப் பதிந்த கம்ப்யூட்டரைத் தேடிப் பிடியுங்கள். நகல் எடுத்து முடிக்கும்வரை பழைய கம்ப்யூட்டரை விற்க வேண்டாம்.

எடுத்ததை ஒரு வெளி ஹார்ட் டிஸ்கிலும், புதிதாகப் பதிந்த சிடியிலும் வையுங்கள். ஹார்ட் டிஸ்கைக் கம்ப்யூட்டரில் எப்போதும் செருகியே வைத்திருந்தால் வைரஸ் அதற்குள்ளும் போகும். வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள். இனி ஆண்டுதோறும் ஏப்ரலில் புதுக்கணக்குத் தொடங்கும்போது பழைய தட்டுகளையும் ஒருமுறை படித்துப் பாருங்கள். ஐந்தாண்டு ஆன தட்டைப் புதிய தட்டுக்கு மாற்றிவிடுவது நல்லது.

சுருக்கமாக நினைவில் கொள்ள:

தட்டு: சிடி ஆர், முதலில் பத்து வாங்கிச் சோதனை.
வேகம்: நடுத்தரம்.
முடிவு: கட்டாயம் கட்ட வேண்டும்.
சரிபார்ப்பு: வேறு கம்ப்யூட்டரில், மூன்று தொகைகள்.
நகல்: இரண்டு, இரண்டு இடத்தில்.

நம் முன்னோர் பேரேட்டைப் பட்டுத் துணியில் சுற்றி, பிள்ளையார் சுழி போட்டு, பெட்டியில் வைத்துக் காத்தார்கள். கறையான் அரிக்கிறதா என்று ஆயுத பூஜைக்கு ஒருமுறை பிரித்தும் பார்த்தார்கள். பெட்டியில் வைப்பது பாதி வேலை; பிரித்துப் பார்ப்பது மீதி வேலை. சிடிக்கும் அந்த மீதி வேலை உண்டு என்பதை மறக்க வேண்டாம்.